ஒரே புனிதருக்கு இரண்டு பெயர்

“எழுத்து உன்னுது நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா சனங்க உன்கிட்ட வாயத் தொறப்பாங்களா?”

மாதா கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் இப்படிக் கேட்டார். உதடு பிரியாமல் சிரித்துக்கொண்டேன். பென்னாகரம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பல்லில் மஞ்சள் கறை உண்டு. அதை யாருக்கும் காட்டக் கூடாது என்று கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தில் நிலைத்துப் படித்த முதல் ஆள் நான்தான். எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். மனு எழுதித் தர நான் உட்கார்ந்தால் சனங்கள் ஏன் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

உபதேசியார் சந்தேகப்பட்டது மனு மேசையைப் பற்றி. அந்த மேசை மோரிலிருந்து வந்தது.

எங்கள் ஊரில் மூன்று சபைகள். சாலையோரம் மாதா கோயில். அதற்குப் பின்னால் புளியமரங்களுக்கு நடுவே எங்கள் மிஷன் சபை. பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் பெந்தெகொஸ்தே சபை. கூரை தகரம் என்பதால் ஊரில் அதற்குத் தகரச் சபை என்றே பெயர். மாதா கோயிலில் இருப்பவர் ஃபாதர், எங்கள் சபையில் ஐயா, தகரச் சபையில் பாஸ்டர். ஒருவர் வாசலை மற்றவர் மிதித்ததில்லை. துக்க வீட்டில் பார்த்துக்கொண்டால் தலையசைப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டு கோடைக்கு முன்னால் மூன்று சபையும் யாரையும் கேட்காமல் தனித்தனியாகப் பேருந்து நிலையத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டன. ஒரே நாள், ஒரே வரிசை, மூன்று பந்தல், மூன்று மைக். ஒகேனக்கல் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் மூன்றிலும் ஒவ்வொரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு எங்கள் பந்தலுக்குத் திரும்பி வந்தார். “மூணுலயும் ஒரே சாமிதானுங்களே? அப்புறம் உங்க மோரு மட்டும் ஏனுங்க இப்படிப் புளிக்குது?” என்று கேட்டார். பேருந்து நிலையமே சிரித்தது. நடத்துநர்கள் வாரக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில்தான் மூன்று பேரும் முதல் முறையாக ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த கோடையில் ஒரே பந்தல். அதன்பின் அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்கு முறை வைத்துக் கஞ்சி. பிறகு, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் சபை வளாகத்துப் பழைய வகுப்பறையில் மனு மேசை.

அதற்கு நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘ஜெபத்துடன் தொடங்கும்’ என்று எழுதினேன். ஃபாதர் படித்துவிட்டு, “எங்க பக்கம் செபம்னு எழுதுவோம்மா” என்றார். எங்கள் ஐயா, “எங்களுக்கு எப்பவும் ஜெபம்தானுங்களே ஃபாதர்” என்றார். பாஸ்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு எழுத்தில் கூட்டம் கலைந்துவிடும் போலிருந்தது. நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘வேண்டுதலுடன் தொடங்கும்’ என்று எழுதிக் காட்டினேன். மூவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். “படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்றார் எங்கள் சபை மூப்பர். அன்று வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

மூன்று சபைக்கும் சேர்த்து ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. அந்தப் பெயரை ஒரே ஞாயிறன்று மூன்று சபையிலும் வாசிப்பார்கள். வாசிக்கப்படப் போவது என் பெயர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கைநாட்டு வைத்தவருடைய மகளின் பெயரை மூன்று ஒலிபெருக்கியில் ஊர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போதும் அந்த ஆசையில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என்னோடு மனு எழுதத் தகரச் சபையிலிருந்து ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது இளையவள். பத்தாவதோடு நின்றுவிட்டு, பெங்களூரில் துணிக் கம்பெனியில் மூன்று வருடம் தைத்துவிட்டு வந்தவள். இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அவளுக்கும் என் பல்தான். ஆனால் அவள் வாயைத் திறந்து, கடைவாய் தெரியச் சிரிப்பாள். எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்தச் சிரிப்புதான்.

முதல் ஞாயிறு என் மேசையில் ஒன்பது பேர், அவள் மேசையில் நாலு பேர். அடுத்த ஞாயிறு ஆறும் ஏழும். மூன்றாவது ஞாயிறு என் முன்னால் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். அவரும் காது கேட்காததால் இடம் மாறி வந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் என்னதான் செய்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தேன். நான் எழுதினால் ஒரு மனு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பணிவுடன் சமர்ப்பிப்பதிலிருந்து ஆவன செய்யுமாறு வேண்டுவது வரை ஒரு சொல் இடறாது. அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் எல்லா அட்டைகளையும் வாங்கித் துணி வெட்டுவதற்கு முன்னால் விரிப்பதுபோல மேசையில் விரிப்பாள். ஒவ்வொரு பெயரையும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுவாள். எழுதி முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். “இது சரிங்களா? நீங்க சொன்னது இதானுங்களா?” என்று வரிக்கு வரி கேட்பாள். சனங்கள், “ஆமா… ஆமா… இல்ல பாப்பா, அது என் தங்கச்சி வூட்டு நம்பரு” என்பார்கள். அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். மலை மேட்டிலிருந்து கன்னடம் பேசும் பெண்கள் வந்தால், “பன்னி, கூத்கொள்ளி” என்று அவர்கள் பேச்சிலேயே வாங்க, உட்காருங்க சொல்லி எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவாள். அவர்கள் முகம் விரிவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எனக்குத் தெரிந்த கன்னடம் பேருந்துப் பலகையோடு சரி.

ஒரு நாள் அவள் எழுதிய மனு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அப்பட்டமான பிழை. ஒரு பெண்ணின் பெயரில் ‘ஷ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஸ்’. எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

“இத திருத்திரு. ஸ் இல்ல, ஷ்.”

“தெரியுங்க்கா. ஆதார் அட்டையில தப்பாத்தான் இருக்குது.”

“அட்டையில தப்பா இருந்தா நீயும் தப்பா எழுதுவியா?”

“அட்டையில தப்பா இருந்தா தப்பாத்தானுங்க்கா எழுதணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் என்னைக் கேலி செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே எண்ணிக்கை ஆகிவிட்டது. சபையில் பாட்டுப் பாடும்போது அவள் முன்னால் எத்தனை பேர், என் முன்னால் எத்தனை பேர் என்று ஓடும். தேநீர் கொண்டுவரும் அக்கா முதல் தம்ளரை யாரிடம் வைக்கிறார் என்று பார்ப்பேன். அவளிடம்தான் வைப்பார். அவள் அதை அப்படியே எதிரில் இருப்பவரிடம் நகர்த்திவிடுவாள். அதையும் நான் செய்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

ஆனி பிறந்த பிறகு ஒரு ஞாயிறு, மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு அம்மா மகளோடு வந்தார். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். செவிலியர் படிப்புக்குக் கலந்தாய்வு வரப் போகிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தருவதற்காக அரசாங்கம் கொடுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் இடம் கிடைத்தாலும் சேர முடியாது. தகப்பன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அந்த அம்மா நேராக அவள் வரிசையில் போய் நின்றார்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்! அதை வாங்கியவள் அந்த அறையில் நான் ஒருத்தி மட்டும்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். அதற்கும் அவளிடம்தான் போக வேண்டுமா?

“இங்க வாங்கக்கா. அந்தச் சர்டிபிகேட்டு எனக்குத்தான் நல்லாத் தெரியும். அங்க நின்னா லேட்டாயிரும்” என்று கூப்பிட்டேன். அந்த அம்மா தயங்கினார். மகள், “டீச்சர் கூப்டுறாங்கம்மா” என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நான் அடுத்த மேசைப் பக்கம் பார்த்தேன். அவள் யாருக்கோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மடமடவென்று நிரப்பினேன். “வூட்டுக்காரர் பேரு?” என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னார்.

யாருடைய பெயரையும் இதில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் இப்படிச் சொல்கிறேன். இயேசுவை வளர்த்த தச்சருக்கு மாதா கோயிலில் ஒரு பெயர், எங்கள் சபையில் வேறு பெயர். அவர்களுடையது இரண்டெழுத்துப் பெயர், எங்களுடையது கொஞ்சம் நீளம். என் பெரியப்பாவுக்கு அந்த நீளப் பெயர்தான். வீட்டில் எல்லோரும் அதைச் சுருக்கிச் சுருக்கி இரண்டெழுத்தாக்கிக் கூப்பிடுவார்கள். அந்த அம்மா சொன்னதும் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றே நினைத்துக்கொண்டேன். அரசாங்கத் தாளில் வீட்டுப் பேச்சை எழுதலாமா? முழுப் பெயர் என்று நான் நினைத்ததை, அச்சடித்ததுபோன்ற என் கையெழுத்தில் எழுதினேன். அட்டைகள் எல்லாம் அந்த அம்மாவின் மடியில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. வாங்கிப் பார்க்கவில்லை. வாசித்துக் காட்டவும் இல்லை. பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் இ-சேவை மையத்தில் கொடுத்தார்கள். அங்கே தாளில் இருந்ததை அப்படியே தட்டிவிட்டார்கள்.

இரண்டு ஞாயிறு கழித்து ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். மூன்று சபையிலிருந்தும் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நான் புதுச் சேலை கட்டியிருந்தேன். வேண்டுதல் முடிந்ததும் உபதேசியார் எழுந்தார்.

“ஒரு விசயங்க. நம்ம மேசையில எழுதுன மனு ஒண்ணு நின்னு போச்சு. அப்பன் பேரு மனுவுல ஒண்ணு, அட்டையில ஒண்ணு. கிராம ஆபீசுல வெசாரணைக்குக் கூப்ட்டப்ப, பேரு மாறுதேம்மான்னு அந்த அதிகாரி தன்மையாத்தான் கேட்டிருக்காரு. பின்னாடி வரிசையில நின்ன எவனோ ஒருத்தன், ‘ஒரு பொண்ணுக்கு ரெண்டு அப்பனா’ன்னு கேட்டுட்டான். வரிசையே சிரிச்சிருச்சாம். அந்தம்மா தாளெல்லாம் சுருட்டிக்கிட்டு வூட்டுக்குப் போயிருச்சு. படிக்கவே வேணாம், கம்பெனிக்குப் போகட்டும்னு பொண்ணுகிட்ட சொல்லிருச்சாம். கலந்தாய்வுக்கு இன்னும் பன்னண்டு நாளுதான் இருக்குது.”

எந்த மனு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எங்கள் சபை மூப்பர் தொண்டையைச் செருமினார். “அதான் அன்னிக்கே சொன்னேன். பத்தாவதோட நின்ன புள்ளகிட்ட கவர்மென்ட்டு பேப்பரக் குடுத்தா இப்படித்தான் ஆவும். எங்க புள்ள எழுதியிருந்தா ஒரு கால் எழுத்து, ஒரு கொம்பெழுத்துத் தப்பியிருக்குமா?”

எங்க புள்ள என்றது என்னை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த மனுவை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த அம்மாவும் மகளும் அவள் வரிசையிலிருந்துதானே என்னிடம் வந்தார்கள். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு கையிலிருந்த தேநீர்த் தம்ளரைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த இடைவெளியில் நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. இன்னும் கால் மணி நேரம் இப்படியே போனால் என் பெயர் மூன்று சபையிலும் வாசிக்கப்படும் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. ஓடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவள்தான் பேசினாள். “தப்பு நம்ம மேசையில நடந்ததுங்க. யாருன்னு பாத்து இப்ப என்ன ஆவப் போவுது? அந்த அக்காவ மொதல்ல திரும்பக் கூட்டியாரணும்.”

எங்க மேசை என்றிருந்தால் பழியை அவள் தலையில் போட்டுக்கொண்டதாக ஆகியிருக்கும். அந்த மேசை என்றிருந்தால் என்னைக் காட்டிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். நம்ம என்றாள். எங்க என்பதற்கும் நம்ம என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதி நடத்துகிறவள் நான். எனக்கு வராத சொல் அவளுக்கு வந்துவிட்டது. அவளுடைய வரிசை, அவளுடைய கன்னடம், அவளுடைய சிரிப்பு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அவள் என்னை மூடிக் காப்பாற்றியதைப் பொறுக்க முடியவில்லை. நேர்மையால் வாயைத் திறந்தேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்குக் கடன்பட மனம் ஒப்பவில்லை, அதனால் திறந்தேன்.

“அந்த மனுவ எழுதினது நானுங்க.”

“எதும்மா?” என்றார் மூப்பர்.

“அந்த மனுதான். அட்டையப் பாக்கல. நானே முழுப் பேருன்னு நெனச்சு மாத்தி எழுதிட்டேன்.” எந்தப் பெயரை எந்தப் பெயராக மாற்றினேன் என்றும் சொன்னேன்.

ஃபாதர் சிரித்துவிட்டார். “ஏம்மா, அது எங்க ஆளு பேரு.”

“எங்க ஆளும் அதே ஆளுதானுங்களே ஃபாதர்” என்றார் எங்கள் ஐயா.

“அதத்தானய்யா இப்ப எழுதிக் குடுக்கணும்” என்றார் பாஸ்டர். அவர் கூட்டத்தில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு மூணு சபையும் சேந்து ஒரு லெட்டர் குடுத்துட்டா ஆபீசுல ஏத்துக்குவாங்க.”

எழுதுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. யாருடைய முகவரித் தாளில் எழுதுவது என்று முதலில். பிறகு எந்த வாழ்த்தில் தொடங்குவது என்று. ஒவ்வொரு சபைக்கும் கடிதம் தொடங்க ஒரு வழக்கம் உண்டு, மூன்றும் சேரவில்லை. கடைசியில் வெள்ளைத் தாளில் வாழ்த்தே இல்லாமல், இந்த இரண்டு பெயர்களும் ஒரே புனிதருக்கு வெவ்வேறு சபைகளில் வழங்கும் பெயர்கள் என்று மட்டும் எழுதினோம். ஃபாதருக்கு வட்ட முத்திரை, ஐயாவுக்கு நீள முத்திரை. பாஸ்டருக்கு முத்திரையே கிடையாது. கையெழுத்துக்குக் கீழே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

“இத்தன வருசத்துல நாம மூணு பேரும் ஒத்துக்கிட்ட மொத விசயம் இதுதான் போல” என்றார் ஐயா.

“இதுலயாச்சும் ஒத்துக்கிட்டமே” என்றார் ஃபாதர்.

ஒருங்கிணைப்பாளர் பேச்சை, அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். வாசலில் மூப்பர் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனார். உபதேசியார் மட்டும், “நாளைக்கு நானும் அந்தப் பொண்ணும் அந்தம்மா வூட்டுக்குப் போறோம், நீ வர்றியா?” என்றார். அந்தப் பொண்ணு என்றது அவளை. கடிதத்தை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அவள் போய்ச் சமாதானம் செய்து கூட்டி வந்துவிட்டால் அதுவும் அவள் கணக்கில் சேரும். வருகிறேன் என்றேன்.

பிரதான சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், “வா பாப்பா” என்றார். அவள் கேட்காமலேயே உட்கார்ந்து முறத்திலிருந்து ஒரு கை கடலைக்காயை அள்ளி உரிக்கத் தொடங்கினாள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் கை நின்றது.

“நீதானே அன்னிக்கு என்னக் கூப்ட்டது? நா பாட்டுக்கு இந்தப் புள்ளகிட்டத்தான நின்னேன்.”

“ஆமாங்க்கா.”

“பேரு என்னன்னு கேட்ட. சொன்னேன். சொன்னத எழுதறதுக்கு எதுக்குத்தான் அத்தன படிப்பு?”

மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். “அம்மா, விடும்மா” என்றாள். என்னைப் பார்த்து, “டீச்சர், இன்னும் பதினோரு நாளுதான் இருக்குது” என்றாள், ஏதோ நான்தான் நாளைக் கூட்டித் தர முடியும் என்பதுபோல.

கடிதத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வாசிக்கச் சொன்னார். அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்று கையெழுத்தையும் யார் யாருடையது என்று சொன்னேன். அந்த அம்மா இரண்டு மூன்று கடலைக்காயை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டார்.

“சாமியாருங்க எழுதுனது நல்லாருக்குது. ஆபீசருக்கு இது போதும். என்னப் பாத்துச் சிரிச்சது ஆபீசர் இல்லியே. எங்கூரு சனங்க. நாளைக்கும் கொழாயடியில அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும். எம்பட வூட்டுக்காரரு ஊருல இல்லாத நேரம் பாத்து இப்படி ஒரு பேச்சு.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நாளைக்கு ஆபீசுல அதே வரிசை நிக்கும். எழுதுனவங்க வந்து அவங்க முன்னால சொல்லட்டும். அப்ப வர்றேன்.”

உபதேசியார், “டீச்சரம்மா வேல பாக்கறவங்க…” என்று இழுத்தார். அந்த வரிசையில் என் மாணவிகளின் அம்மாக்களும் நிற்பார்கள் என்று அவருக்கும் தெரியும்.

“நா வேணா வந்து சொல்லட்டுங்களா அக்கா? மேச ரெண்டு பேருதுந்தானே” என்றாள் அவள்.

அந்த நொடியில் அவளை நான் வெறுத்தேன். இதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாளே என்றுதான் தோன்றியது. “இல்ல, நானே வர்றேன்” என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது. மகள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

புது மனுவை அங்கேயே அவள் எழுதினாள். அட்டைகளை விரித்து, விரல் வைத்து, இரண்டெழுத்தையும் பார்த்துப் பார்த்து. வாசித்துக் காட்டினாள். அந்த அம்மா ஒவ்வொரு வரிக்கும் ஆமா என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மனுவில் அவள் ஒரு இடத்தில் ஒற்று விட்டிருந்தாள். சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொன்னேன். காரணம் கேட்டார்கள், சொந்த வேலை என்றேன். கிராம அலுவலகத்துக்கு நான் போனபோது வெளியே வேப்பமரத்தடி வரை வரிசை நின்றது. இரண்டு பேர் என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்க எங்க இங்க?” என்றார்கள். அந்த அம்மா மகளோடும் அவளோடும் வந்தார். வந்தவர் என் பக்கம் வரவில்லை; அவள் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். கையைப் பிடித்துக்கொள்வதற்குக்கூட அவள்தான். பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

எழுத்துப் பிழை, வழக்கு வேறுபாடு என்று இரவெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சரி செய்து வைத்திருந்தேன். வரிசைக்கு முன்னால் போய் நின்றதும் அது வரவில்லை.

“ஒரு நிமிசம் கேளுங்க. போன மாசம் இந்த அக்காவோட மனுவ எழுதினது நான். இவங்க சொன்ன பேரு சரி. நான்தான் கேட்டதக் கேட்டபடி எழுதாம எனக்குத் தெரிஞ்சத எழுதிட்டேன். இந்தப் பொண்ணுக்கு ஒரே அப்பாதான். தப்பு என்னுது. அன்னிக்குச் சிரிச்சவங்க என்னப் பாத்துச் சிரிங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒரு பெரியவர், “டீச்சரம்மாவே இப்படி எழுதுனா நாங்கெல்லாம் எங்கம்மா போறது?” என்றார். இப்போது சிரித்தார்கள். என் மாணவி ஒருத்தியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் எரிந்தது. நகரவில்லை.

மரத்தடியில் அந்த அம்மா அவள் கையை விட்டார். சேலையைச் சரிசெய்துகொண்டு, மகளை முன்னால் விட்டு, வரிசையைப் பார்த்து நிமிர்ந்து நடந்து என்னைத் தாண்டி அலுவலகத்துக்குள் போனார். மனுவும் மூன்று கையெழுத்துப் போட்ட கடிதமும் உள்ளே போய்விட்டன. வெளியே படிக்கட்டுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் உள்ளே போய் அதையே இன்னொரு முறை சொல்வதற்காக, நான் நின்றுவிட்டேன்.